ஜோடி முயல் வேண்டாம்!

சந்தையில் முயல் விற்கிறவர் ஒரு வாசகம் வைத்திருப்பார். "ஒத்தையா வாங்காதீங்க. ஏங்கியே செத்துப் போயிடும். ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணு, ஜோடியா எடுத்துக்குங்க" என்பார்.

இதில் பாதி உண்மை. பாதி வியாபாரம்.

முயல் கூட்டமாக வாழும் பிராணி. தனியாக அடைத்து வைத்தால் வாடும். அது உண்மை. ஆனால், ஆணுக்குப் பெண்தான் துணை என்பது வியாபாரம். குட்டியில் இருந்தே சேர்ந்து வளர்ந்த இரண்டு பெண் முயல்கள் பெரும்பாலும் ஒற்றுமையாக இருக்கும். வயது வந்த இரண்டு ஆண்கள் ஒரே கூண்டில் இருந்தால் இரத்தம் வரும்வரை சண்டை போடும். ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் சண்டை இல்லை. ஆனால், வேறு தொல்லை வரும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய நாற்காலியும் இருக்கும், புறாவும் இருக்கும், கூடையில் முயல் குட்டியும் இருக்கும். குழந்தை கை நீட்டும். அப்பா பர்சைத் திறப்பார். மாலைக்குள் அந்தக் குட்டிகள் உத்திரமேரூர் பஸ்சில் ஏறி, மானாம்பதியில் ஒரு வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்துவிடும். அட்டைப் பெட்டிதான் வீடு. காரட்தான் சாப்பாடு. பிறகு என்ன ஆகும்? அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

31 நாள்

முயல் சினையாக இருப்பது சுமார் 31 நாள். ஒரு ஈற்றில் 4 முதல் 8 குட்டி வரை போடும்.

பசுவுக்கும் ஆட்டுக்கும் பருவம் வரும் நாள் என்று ஒன்று உண்டு. முயலுக்கு அப்படி இல்லை. ஆணோடு சேர்ந்த பிறகுதான் பெண் முயலின் உடலில் கருமுட்டை வெளிப்படும். சுமார் 10 மணி நேரத்தில் வெளிப்பட்டுவிடும். ஆகவே, என்று சேர்ந்தாலும் சினை பிடிக்கலாம். குட்டி போட்ட அன்றே கூட மறுபடி சினை பிடிக்கும்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண் கூடவே இருந்தால் ஏட்டுக் கணக்குப்படி வருஷத்துக்கு 11 ஈற்று. ஒரு ஈற்றுக்கு 6 குட்டி என்றால் 66 குட்டி. இது ஏட்டுக் கணக்குதான். உண்மையில் அதற்கு முன்பே தாய் எலும்பும் தோலுமாகி விழுந்துவிடும். போதாக்குறைக்கு, சிறிய ஜாதி முயல் 4 மாதத்திலேயே வயதுக்கு வந்துவிடும். அண்ணன், தங்கை என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது.

முயல் பெருகுவது என்றால் என்ன என்று ஆஸ்திரேலியாக்காரர்களைக் கேட்க வேண்டும். 1859-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று 24 முயல்கள் இங்கிலாந்தில் இருந்து கப்பலில் மெல்போர்ன் போய்ச் சேர்ந்தன. தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டை விளையாட்டுக்காக வரவழைத்தார். அவை பெருகின. வயலைத் தின்றன, புல்லைத் தின்றன, கண்டத்தின் பெரும்பகுதியில் பரவின. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை முயலைத் தடுப்பதற்காகவே வேலி போட்டார்கள். முதல் வேலியின் நீளம் மட்டும் 1,800 கிலோமீட்டருக்கு மேல்! வேலிக்கும் முயல் அடங்கவில்லை. 1950-ல் நோய்க் கிருமியைப் பரப்பிக் கொல்ல வேண்டியதாயிற்று.

மானாம்பதியில் அப்படி ஆகாது. இங்கே தெருநாய் இருக்கிறது, பூனை இருக்கிறது, பாம்பு இருக்கிறது, பருந்து இருக்கிறது. குட்டி அதிகமாகிவிட்டது என்று ஏரிக்கரையில் கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். "காட்டில் பிழைத்துக் கொள்ளும்" என்று நினைக்கிறார்கள். பிழைக்காது. கூண்டில் பிறந்த வெள்ளை முயலுக்கு ஓடி ஒளியத் தெரியாது. அதை ஏரிக்கரையில் விடுவதும் நாய்க்கு முன்னால் போடுவதும் ஒன்றுதான்.

இது வேறு, அது வேறு

வயலில் ஓடும் நம் நாட்டு முயல் வேறு. வீட்டில் வளர்க்கும் முயல் வேறு. நிறம் மட்டும் அல்ல, ஜாதியே வேறு. இரண்டும் சேர்ந்து குட்டி போடாது.

வீட்டு முயலின் முன்னோர் ஸ்பெயின், போர்ச்சுகல் நாட்டுக்காரர்கள். மண்ணில் வளை தோண்டி அதற்குள் கூட்டமாக வாழ்ந்தவர்கள். அதன் குட்டி பிறக்கும்போது உடம்பில் மயிர் இராது. கண் மூடியிருக்கும். நம் காட்டு முயல் வளை தோண்டாது. புல்லுக்குள் படுக்கும். அதன் குட்டி மயிரோடு, கண் திறந்தே பிறக்கும்.

கடலை பிடுங்கும்போதோ, கரும்பு வெட்டும்போதோ இந்தக் காட்டு முயல் குட்டி அகப்படுவது உண்டு. தாய் அதைப் பகலில் தனியே விட்டுவிட்டுப் போவது வழக்கம். அநாதை என்று நினைத்து வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். அருகில் உள்ள புதரில் அப்படியே வைத்துவிடுங்கள். தாய் இரவில் வந்து பால் கொடுக்கும். இன்னொன்று: காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வெயில்!

தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சியை அரசாங்கம் எங்கே வைத்தது தெரியுமா? ஒன்று, நீலகிரியில் சாண்டிநல்லா. இன்னொன்று, கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர். இரண்டும் ஆடும் முயலும் வளர்க்கும் நிலையங்கள். இரண்டும் குளிர் தேசம். சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் என்று வியாபாரிகள் பெயர் சொல்லி விற்கும் பெரிய முயல்களுக்கு அந்தக் குளிர்தான் ஒத்து வரும்.

நம் பக்கம் எப்படி? அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும். முயலுக்கு 30 டிகிரிக்கு மேல் போனாலே கஷ்டம். 35-க்கு மேல் உயிருக்கு ஆபத்து. நமக்கு வியர்க்கிறது. நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக் கொள்கிறது. முயலுக்கு இரண்டும் சரியாக வராது. அதற்கு இருப்பது காது ஒன்றுதான். அந்த நீளக் காதின் இரத்தக் குழாய்கள் வழியாகத்தான் உடம்பின் உஷ்ணம் வெளியே போகிறது. காற்றே சுடும்போது காது என்ன செய்யும்?

சமவெளியில் முயலே வளர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நிழல் கொடுக்க முடியாதவர் வளர்க்கக் கூடாது என்கிறேன்.

தகரக் கூரை கூடாது. சிமெண்ட் அட்டையும் கூடாது. மொட்டை மாடி கூடவே கூடாது. கீற்று அல்லது பனை ஓலைக் கூரை போடுங்கள். வேப்ப மரமோ, புங்க மரமோ இருந்தால் அதன் அடியில் போடுங்கள். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் நேரே உள்ளே அடிக்காது. நல்ல காற்று வர வேண்டும். நண்பகலில் பக்கவாட்டில் நனைத்த கோணியைத் தொங்க விடுங்கள். கூண்டைச் சுற்றி மூடிவிடாதீர்கள். காற்று நின்றால் புழுக்கம் இன்னும் மோசம். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஐஸ் ஆக்கி, துணியில் சுற்றி உள்ளே வைத்தால் முயல் அதன்மேல் சாய்ந்து படுத்துக் கொள்ளும். வழவழப்பான ஓடு ஒன்றை நனைத்து வைத்தாலும் போதும்.

முயல் நீட்டிப் படுத்து, மூச்சு இரைத்து, வாய் ஓரம் நனைந்திருந்தால் அது வெயில் தாக்கிய அடையாளம். உடனே நிழலுக்குக் கொண்டு போங்கள். குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துக் காதைத் துடையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். வாளித் தண்ணீரில் முக்காதீர்கள். அந்த அதிர்ச்சியிலேயே முயல் செத்துப்போகும். பிறகு டாக்டரிடம் எடுத்துச் செல்லுங்கள். முயலைக் குளிப்பாட்டுவதே தப்பு. அது பூனையைப்போலத் தன்னைத் தானே சுத்தம் செய்து கொள்ளும்.

கோடையில் ஆண் முயலின் வீரியமும் குறைந்துவிடும். சினை முயல் உஷ்ணத்தில் முதலில் சாகும். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் சேர்க்கை வைப்பது மடமை.

இரண்டடிச் சிறை

கடையில் விற்கும் கூண்டு இரண்டடி நீளம், இரண்டடி அகலம். நாற்புறமும் கம்பி. தரையும் கம்பி. துடைக்கச் சுலபம். நமக்குச் சுலபம், முயலுக்கு அல்ல. முயலின் உள்ளங்காலில் நாய்க்கு இருப்பதுபோல மெத்தை கிடையாது. மயிர்தான் உண்டு. கம்பிமேல் நாளெல்லாம் நின்றால் மயிர் தேய்ந்து, தோல் கிழிந்து, புண் ஆகிச் சீழ் பிடிக்கும்.

இரண்டு முயலுக்கு 10 அடி நீளம், 6 அடி அகலம் உள்ள இடம் வேண்டும் என்று வெளிநாட்டு முயல் நலச் சங்கத்தார் சொல்கிறார்கள். பெரிதாகத் தோன்றும். கிராமத்தில் இது முடியாத காரியமா? புறக்கடையில் ஒரு மூலையை வலையடித்தால் போயிற்று. படுக்கக் கூண்டு தனியே இருக்கட்டும். அதில் மூன்று தாவல் தாவ இடம் வேண்டும். பின்காலில் நிமிர்ந்து நின்றால் காது கூரையில் இடிக்கக் கூடாது. தரைக்கு மூங்கில் பிளாச்சு அடித்து, ஒரு பாதியில் பலகை போட்டு வைக்கோல் பரப்புங்கள். ஒளிந்து கொள்ள ஒரு மரப் பெட்டி வேண்டும். முயல் பயந்த பிராணி. ஒளிய இடம் இல்லாவிட்டால் அதற்குத் தூக்கமே வராது.

வலை நல்ல கம்பி வலையாக இருக்க வேண்டும். மீன்வலை போதாது. நாய் கடித்துக் கிழித்துவிடும். முயல் மண்ணைத் தோண்டும். ஆகவே வலையின் ஓரத்தை ஒரு அடி மண்ணுக்குள் புதைக்க வேண்டும். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். நம் பாட்டி தயிர்ச் சட்டிக்குச் செய்த உபாயம்தான். எறும்பு ஏறாது.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குப் பெருமை உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 1,100 ஆண்டுகளுக்கு முன், ஊர் வாரியத்துக்கு நிற்கத் தகுதி வைத்தார்கள். வயது இத்தனை இருக்க வேண்டும், நிலம் இத்தனை இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும் என்றெல்லாம் கல்லில் வெட்டினார்கள். முயல் வளர்க்கவும் அப்படித் தகுதி வைத்தால் நம்மில் எத்தனை பேர் தேறுவோமோ!

காரட் மயக்கம்

படத்தில் முயல் காரட் தின்னும். அதைப் பார்த்து நாமும் காரட் போடுகிறோம். காரட் முயலுக்கு மிட்டாய் மாதிரி. சிறு துண்டு, எப்போதாவது கொடுக்கலாம். அதன் உண்மையான சாப்பாடு புல். காய்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். முயலின் பல் சாகும்வரை வளர்ந்து கொண்டே இருக்கும். நார் உள்ள புல்லை மென்றால்தான் தேயும். இல்லாவிட்டால் பல் நீண்டு, வாயைக் குத்தி, சாப்பிட முடியாமல் போகும்.

அறுகம்புல் கொடுங்கள். வேலிமசால், அகத்தி, முருங்கை இலை அளவாகக் கொடுங்கள். மழையில் நனைந்த புல்லை உலர்த்திக் கொடுங்கள். சோறு, ரொட்டி, பிஸ்கெட் வேண்டாம். வெங்காயமும், முளை விட்ட உருளைக்கிழங்கும் ஆகாது. தண்ணீர் இரவும் பகலும் இருக்க வேண்டும். "முயல் தண்ணீர் குடிக்காது" என்று சிலர் சொல்கிறார்கள். பச்சைப் பொய்.

முயல் தன் புழுக்கையையே தின்கிறதே என்று சிலர் அருவருப்பு அடைவார்கள். முயல் இரண்டு விதப் புழுக்கை போடும். ஒன்று காய்ந்த உருண்டை. இன்னொன்று மெதுவாக, பளபளப்பாக இருக்கும். அதில் சத்து உண்டு. மாடு அசைபோடுவதுபோல, முயல் அதை இரண்டாம் முறை தின்று ஜீரணிக்கிறது. தடுக்காதீர்கள்.

அரை நாள் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் ஒரு முயல் மூலையில் குந்தியிருந்தால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருக்காதீர்கள். முயலுக்கு வாந்தி எடுக்கத் தெரியாது. குடல் நின்றுவிட்டால் மறுநாள் பிணம்தான். வேறு பிராணிக்கு எழுதிய மருந்தையும் கொடுக்காதீர்கள். நாய்க்கு உண்ணி போக்கத் தடவும் ஃபிப்ரோனில் மருந்து முயலைக் கொன்றுவிடும். பென்சிலின் வகை மருந்தை வாய் வழியாகக் கொடுத்தாலும் அப்படித்தான்.

காதைப் பிடித்துத் தூக்குவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. உங்கள் காதைப் பிடித்து யாராவது தூக்கினால் எப்படி இருக்கும்? ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்பாகத்துக்கு அடியில் கொடுத்து, உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். திமிறி உதைத்தால் முயலின் முதுகெலும்பே ஒடிந்துவிடும். சிறு குழந்தைகள் தரையில் உட்கார்ந்தபடியே தடவிக் கொடுக்கட்டும்.

தாயும் குட்டியும்

இதையெல்லாம் படித்த பிறகும் ஒரு முறை குட்டி எடுக்க வேண்டும் என்று ஒருவர் நினைக்கலாம். சரி. முதலில் எட்டு வீட்டைத் தேடுங்கள். எட்டுக் குட்டிக்கும் வீடு நிச்சயமான பிறகு சேருங்கள். முயல் 8 முதல் 12 வருஷம் வாழும். இன்று மூன்றாம் வகுப்பில் படிக்கும் பையன் கல்லூரிக்குப் போகும்வரை அது இருக்கும். அத்தனை நாள் வைத்துக் கொள்ளும் வீடாக அது இருக்க வேண்டும்.

பெண் முயலை ஆணின் கூண்டுக்குக் கொண்டு போக வேண்டும். மாற்றிச் செய்தால் பெண் தன் இடத்தைக் காக்க ஆணைக் கடிக்கும். சேர்ந்தவுடன் பிரித்துவிடுங்கள். 28-ம் நாள் கூண்டில் ஒரு மரப் பெட்டி வையுங்கள். தாய் திரும்பிப் படுக்கும் அளவு இருந்தால் போதும். அதில் உலர்ந்த புல்லைப் போடுங்கள். தாய் தன் மார்பு மயிரைத் தானே பிடுங்கி, அதில் மெத்தை செய்யும். அதைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டாம்.

குட்டி போட்ட பிறகு பலர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. தாய் குட்டிகள் பக்கமே போகவில்லை என்று கவலைப்பட்டு, அதைப் பிடித்துப் பெட்டிக்குள் அழுத்துகிறார்கள். பசும்பாலைப் பஞ்சில் நனைத்துக் குட்டிக்குப் புகட்டுகிறார்கள். குட்டி மூச்சுத் திணறிச் சாகிறது. உண்மை என்ன? தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரு முறையோ, இரண்டு முறையோதான் பால் கொடுக்கும். அதுவும் சில நிமிஷம். பெரும்பாலும் இருட்டில். காலையில் குட்டியின் வயிறு உருண்டையாக இருந்தால் தாய் வந்து போய்விட்டது என்று அர்த்தம். தாய் பயந்தாலும், தாகத்தில் தவித்தாலும் குட்டியையே தின்றுவிடுவது உண்டு. ஊரைக் கூட்டி வேடிக்கை காட்டாதீர்கள்.

8 வாரம் ஆகும் முன் குட்டியைத் தாயிடம் இருந்து பிரித்துக் கொடுக்கக் கூடாது. 3 மாதத்துக்குள் ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வைத்துவிட வேண்டும். சிறு குட்டியில் ஆணா, பெண்ணா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். விற்கிறவரே ஏமாறுவார். இரண்டும் பெண் என்று வாங்கியது ஜோடியாகிவிடும். டாக்டரிடம் காட்டிக் கொள்ளுங்கள்.

பண்ணை ஆசை

"முயல் வளர்த்தால் மாதம் இவ்வளவு வருமானம். குட்டியை நாங்களே திருப்பி எடுத்துக் கொள்கிறோம்" என்று சொல்லிக் கொண்டு வருகிறவர்களும் உண்டு. பெருந்துறையை மறந்துவிடாதீர்கள். ஈமு கோழியை இப்படித்தான் விற்றார்கள். 2012-ல் கம்பெனிக்காரர் ஓடிவிட்டார். பணம் போட்டவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பட்டினி கிடந்த பறவைகளுக்குக் கால்நடைத் துறை தீனி போட வேண்டியதாயிற்று. முறையாகப் பண்ணை வைக்க நினைப்பவர்கள் காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேளாண் அறிவியல் நிலையத்தில் யோசனை கேட்கலாம். அது நமக்குப் பக்கம்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. ருக்மிணி தேவி அருண்டேலை நாட்டியத்துக்காக எல்லோருக்கும் தெரியும். மிருக வதைத் தடைக்காக முதலில் ராஜ்ய சபையில் தனி மசோதா கொண்டு வந்தவரும் அவர்தான். அதன் பயனாக 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் மிருக நல வாரியம் சென்னையில் தொடங்கியபோது அவரே முதல் தலைவர். அந்தச் சட்டப்படி, அசைய இடம் இல்லாத கூண்டில் ஒரு பிராணியை அடைப்பது குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. 1960-ல் 50 ரூபாய் பெரிய தொகை. இன்று அதற்கு மூன்று, நான்கு டீ குடிக்கலாம். இந்தத் தொகையை உயர்த்தாமல் வைத்திருப்பது கேலிக்கூத்து. 2018-ல் வந்த விதிப்படி, முயல் உள்பட வளர்ப்புப் பிராணி விற்கும் கடை பதிவு செய்து கொள்ள வேண்டும். சந்தையில் கூடையோடு உட்கார்ந்திருப்பவரிடம் பதிவுச் சான்று எங்கே என்று ஒருவராவது கேட்டால்தான் அந்த விதிக்கு உயிர் வரும்.

ஏற்கனவே ஜோடி வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? இன்றே நடுவில் ஒரு கம்பி வலை அடியுங்கள். ஒன்றை ஒன்று பார்க்கட்டும், முகரட்டும். ஆனால், சேர முடியாது. ஆணுக்கு விரை நீக்கும் அறுவைச் சிகிச்சை செய்துவிட்டால் மறுபடி ஒன்றாக விடலாம். உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அவரால் முடியாவிட்டால் சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. எடுத்துப் போகும்போது பஸ்சில் வெயில் படாத பக்கமாக உட்காருங்கள். கூடையில் கொஞ்சம் புல் போடுங்கள். முயலைப் பட்டினி போட்டுக் கொண்டு போக வேண்டாம். சிகிச்சை முடிந்தவுடனேயே வலையைப் பிரித்துவிடாதீர்கள். இன்னும் 6 வாரம் அந்த ஆணால் குட்டி உண்டாகக் கூடும்.